பசியாற்றிய காடு

அன்புள்ள பிரியந்தி அப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். போன மாதம் பெய்த மழையில் மண் சரிந்து ஹட்டன் பாதை அடைபட்டது. கடை லொறி வரவில்லை. தோட்டத்து லயத்து வரிசையில் ஒரு வீட்டிலும் அரிசி இல்லை.

தேயிலை பட்டுப்போன மேட்டில் பெண்கள் நாங்கள் ஞாயிறுதோறும் கூலியில்லாமல் நட்டு வளர்த்தோமே, நீங்கள் கோபித்துக்கொண்டு கொழும்புக்குப் போகக் காரணமான அந்தக் காடு, அதுதான் எல்லாருக்கும் பசியாற்றியது. மரவள்ளியும் வாழைக்காயும் வெட்ட வெட்ட வந்தன. கோயில் வாசலில் பெரிய அண்டாவில் அவித்தோம்.

எங்களைக் "காட்டுக்காரிகள்" என்று கேலி செய்த கங்காணி சூசைரட்ணம் தட்டோடு வந்தார்.

"இன்னும் ரெண்டு துண்டு வைங்க தாயி."

"காட்டுக்காரிங்ககிட்டயா கேக்குறீங்க?" என்றாள் பரிமாறிக்கொண்டிருந்த அனோஜா.

அவர் வெட்கத்தோடு சிரித்தார். "வார ஞாயித்துக்கிழமை நானும் குழி வெட்ட வர்றேங்க."

சொன்னபடி வந்தார். அவர் பின்னால் லயமே மண்வெட்டியோடு மேடேறியது. உங்கள் அம்மாவும் வந்தார்! நான் எவ்வளவு பெருமையாக நின்றேன் தெரியுமா?

அன்றைக்கு எல்லாக் கன்றுகளையும் நட்டுவிட்டோம். ஒரு பலாக்கன்றை மட்டும் நானாகவே மிச்சம் வைத்தேன். அதற்குக் குழி வெட்ட என் கையில் பலமில்லை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி