படகுத் துறைக்கு வரும் வழி

அன்பு மகளே,

அம்மாவின் கல்லறைக்குக் கல் வைக்கும் நாளுக்கு வருவதாக எழுதியிருந்தாய். பன்னிரண்டு வயதில் லண்டன் போனவளுக்கு ஊர் மறந்திருக்கும். கிரெனடாவில் இறங்கியதும் காலைப் படகைப் பிடி. கடைசி வரிசையில் உட்கார். வெறும் வயிற்றோடு ஏறாதே, வழியில் ஆட்டம் அதிகம். நம் காரியாக்கூ தீவில் இறங்கி வேனில் ஏறியதும் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல். சொல்லாவிட்டால், "துரைசாணிக்கு வாய் வலிக்குதோ?" என்று கேட்டே விடுவார்கள். இறங்கும் இடம் வந்ததும் வேனை நிறுத்த, உள்ளிருந்தே கூரையைத் தட்டு.

முந்தின நாளே கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, வழக்கப்படி அம்மாவின் கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருப்போம். பயப்படாதே. நீ என் கட்டிலில் படுத்துக்கொள்.

"இன்னும் எத்தனை நாள் அக்காவைக் கல்லில்லாம போட்டு வைக்கப்போறீங்க, அத்தான்?" என்று உன் சித்தி மூன்று வருஷமாகச் சண்டை. நீ வரட்டும் என்றே இருந்தேன்.

மேலே எழுதிய பயணக் குறிப்புகள் என்னுடையவை அல்ல. என்றாவது நீ வருவாய் என்று, கடைசி வருஷம் அம்மா படுத்தபடியே சொல்லச் சொல்ல நான் எழுதி வைத்தவை. ஒரே ஒரு வரியை மட்டும் சேர்க்கவில்லை.

"படகுத் துறையில நான் நிப்பேன், கவலைப்படாம வாடி."

நான் நிற்கிறேன்.

அப்பா