பூ தெரியாத இடம்

ஹிரோசாகி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். ககோஷிமாவில் இந்நேரம் விசிறியை எடுத்திருப்பீர்கள். இங்கே வடக்கே நான் இன்னும் கம்பளிக் கோட்டைக் கழற்றவில்லை.

வேலையில் சேர்ந்ததிலிருந்து யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடாமலே இருந்தார்கள். அதனால், அலுவலகத்தார் செர்ரி மரத்தடியில் உட்கார்ந்து பூப் பார்க்கக் கோட்டைப் பூங்காவில் இடம் பிடிக்கும் வேலை புது ஆளான எனக்கு வந்ததும், இதிலாவது பெயர் வாங்க வேண்டும் என்று விடியும்போதே போய்விட்டேன். காற்று அடிக்காத, மேடு பள்ளம் இல்லாத, கழிப்பறைக்குப் பக்கமான இடமாகப் பார்த்து, கோட்டைச் சுவரை ஒட்டி நீலப் பாயை விரித்தேன்.

மாலையில் எல்லோரும் வந்து ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். மேலாளர் நருமி அண்ணாந்து பார்த்துவிட்டு, நம் குடும்பப் பெயரைச் சொல்லி என்னைக் கேட்டார்.

"ஏம்ப்பா அரிமுரா, பூ எங்க?"

"சுவருக்கு அந்தப் பக்கம் சார். இங்க காத்து அடிக்காது."

"காத்து வேண்டாம்னா ஆபீஸ்லயே உட்கார்ந்திருக்கலாமே."

"விடுங்க சார்," என்றார் கணக்குப் பார்க்கும் குடோ அம்மாள். "கக்கூஸ் கோட்டைக்கு ராஜா கிடைச்சாச்சு."

எனக்குக் காது சுட்டது. அவர்களோ ஒவ்வொருவராக எழுந்து, ஷூவை மாட்டி, அகழிப் பக்கம் போய்ப் பூவைப் பார்த்துவிட்டு வந்து குடித்தார்கள்.

மறுநாள் மதியம் குடோ அம்மாள் என் மேசையருகே வந்து, "ராஜா, சாப்பிட வரலயா?" என்றார். இப்போது தினமும் அதே பெயர்தான். எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் போகிறேன்.

கெட்டியான காலுறை அனுப்புங்கள். நம்மூர் மீன் வடையும் வேண்டும். வழக்கம்போல ஒரு ஆளுக்கு வேண்டாம், ஒரு மேசைக்கே வருகிற மாதிரி அனுப்புங்கள்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

மகன்,
கெய்தா