எல்லோரும் நலம் என்று எழுதினேன், நைனா

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. அம்மா இன்னும் காலையில் உனக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள். நான் பி.யூ.சி. பரீட்சை எழுதிவிட்டேன். இங்கிலீஷில் நல்ல மார்க் வரும் என்கிறார்கள். அதைக் கேட்கவே பிடிக்கவில்லை.

"எம் பொண்ணு காலேஜி படிக்கிது, அதுவே லெட்டரு எய்தும்" என்று பொன்னேரி கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தாயே! இருமினால் ரத்தம் வந்தது உனக்கு. இரும்பு உருக்கும் உலையடியிலிருந்து வேறு வேலைக்கு மாற்றச் சொல்லி கும்மிடிப்பூண்டி கம்பெனி மானேஜருக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது.

"எட்த்த எடுப்புல நோவச் சொன்னா மரியாதையா கண்ணு? மொதல்ல நல்லாக்கீறோம்னு போடு" என்றாய். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நம் வீட்டில் சாவுச் சேதி தவிர எந்தக் கடிதம் அப்படித் தொடங்காமல் இருந்திருக்கிறது? அதனால் இங்கிலீஷிலும் அப்படியே எழுதினேன். தங்கள் புண்ணியத்தில் எல்லோரும் நலம், ஒரு குறையும் இல்லை, தங்கள் நலமறிய ஆவல். அப்புறம் மழை, அம்மாவின் வணக்கம். ரத்தம் இரண்டாம் பக்கத்துக் கடைசியில்தான் வந்தது.

கடிதத்தைக் கொடுத்த அன்று சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாய். "உன் இங்கிலீசு ஒசத்தியாம் கண்ணு, ஒரு தப்பும் இல்லியாம்!" நானும் நம்பித் தொலைத்தேன். மூன்றாம் வாரம் உலையடியிலேயே விழுந்தாய்.

உன்னோடு வேலை செய்த முனுசாமி மாமா காரியத்தன்றுதான் நடந்ததைச் சொன்னார். மானேஜர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டாராம். "கொறையே இல்லன்னு நீயே எய்திக்கீற, போய் வேலயப் பாரு" என்று மேஸ்திரியை விட்டுச் சொல்ல வைத்தாராம். பின்னால் இருக்கிறது, படியுங்கள் என்று கேட்க உனக்கு வாய் வரவில்லையா? என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? என் மனசு நோகும் என்று மறைத்தாயா, பாவி மனுஷா?

போன வாரம் மாமாவே அதே மானேஜருக்குக் கடிதம் எழுதக் கேட்டு வந்தார். அவருக்கும் இருமல். முதல் வரியிலேயே ரத்தத்தை எழுதிப் படித்துக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. "இன்னாம்மா இது, ஒரு வணக்கம்கூட இல்லாம? திமிருன்னு நெனப்பாரே."

"நெனக்கட்டும் மாமா" என்றேன்.

இனி யார் வந்து கேட்டாலும் இப்படித்தான் எழுதுவேன், நைனா. இது உன்மேல் சத்தியம். உன்னை மட்டும் நலம் என்று எழுதி அனுப்பிவிட்டேனே.

உன் கடிதத்தை எழுதிய மகள்,
கஸ்தூரி