யாரும் கேட்காத கப்பல்

பெட்டிஃபர் தோட்டம்,
ஹுவான் ஆற்றங்கரை, டாஸ்மேனியா.
10 ஜூன் 1951, ஞாயிறு இரவு

அன்புள்ள ஹெஸ்டர் அத்தைக்கு,

முதலில் ஒரு வேண்டுதல். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். படித்ததும் கிழித்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. நான் உங்கள் தம்பி லைலின் மகள் ஈனிட். பதினான்கு வயது. நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. வீட்டில் உங்கள் பேரைச் சொல்லக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். அம்மாவின் தையல் பெட்டிக்கு அடியில் நீங்கள் அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டைகள் எல்லாம் ரிப்பன் கட்டி இருக்கின்றன.

நான் ஒரு பெரிய தவறு செய்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் ஊர் மண்டபத்தில் முதல் குடியேறிகளின் பெயர்ப் பலகையைத் திறக்கிறார்கள். அதில் நம் கொள்ளுத்தாத்தா பெயரும் இருக்கிறது: ‘ஏபல் பெட்டிஃபர், சுதந்திரக் குடியேறி, 1850’. அன்று நம் குடும்ப வரலாற்றை நான் வாசிக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார். கட்டுரையில் கப்பலின் பெயரும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. யாரிடமும் கேட்காமல், பள்ளிக்கூடக் காகிதத்தில், ஹோபார்ட்டில் உள்ள ஆவண அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன்.

அங்கிருந்து பதில் வந்துவிட்டது. சொந்த விருப்பத்தில் வந்தவர்களின் பட்டியலில் அப்படி ஒரு பெயர் இல்லையாம். இன்னொரு பட்டியலில் இருந்ததாம். அதைப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அத்தை, கொள்ளுத்தாத்தா இங்கிலாந்திலிருந்து விலங்கு மாட்டிக் கப்பலேற்றப்பட்ட கைதி.

உறை பழுப்பு நிறம், மேலே அரசாங்க முத்திரை. தபால்கார லவெல் அம்மாள் வியாழக்கிழமை அதை என் கையில் கொடுத்தார். அவர் முகம் மாறியதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேற்று அப்பாவிடம், கடையில் நாலு பேர் நிற்கும்போதே, “ஹோபார்ட்லேருந்து உங்க வீட்டுக்குப் பழுப்பு உறை வந்திருக்கே லைல், யாரோ கப்பல் தேடுறாங்க போல. எங்க வீட்டுக்கு அப்படி ஒண்ணு இதுவரைக்கும் வந்ததில்ல, ஆண்டவன் புண்ணியம்” என்றாராம்.

அப்பா சாப்பாட்டு மேசையில் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “அது எங்க?”

“ஆத்துல போட்டுட்டேன்.”

“போட்டிருந்தா நல்லது. போடலன்னா எங்கிட்ட குடு. விழாவுக்கு முன்னாடி அது அடுப்புல இருக்கணும்.”

ஆற்றில் போடவில்லை. என்னிடம்தான் இருக்கிறது. குடும்ப பைபிளில் முன்னோர் விவரம் எழுதியிருந்த முதல் தாளை அப்பா சவரக் கத்தியால் அறுத்து எடுத்த தடம் இன்னும் இருக்கிறது. இதையும் விடமாட்டார். நான் என்ன செய்வது? பதிலைப் பக்கத்துத் தோட்டத்துத் தோரா வீட்டு விலாசத்துக்கு அனுப்புங்கள். அவள் நம்பகமானவள்.

பயத்துடன்,
ஈனிட்


லான்செஸ்டன்
14 ஜூன் 1951

என் செல்லம் ஈனிட்டுக்கு,

நீ பிறந்ததே எனக்கு உன் அம்மாவின் இரண்டு வரி அட்டையில்தான் தெரியும். இப்போது நான்கு பக்கம் எழுதுகிறாய். கையெழுத்து அப்படியே உன் அப்பாவுடையது, ஒவ்வொரு எழுத்தும் வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது. தையல் கடையில் வேலைக்கு நடுவே மூன்று முறை படித்துவிட்டேன். இரண்டு கை ஒரே பக்கமாக வைத்துச் சட்டை தைத்துவிட்டேன் என்று முதலாளியம்மா திட்டுகிறாள்.

நீ செய்தது தவறில்லை, அறியாமை. நம் பக்கத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்: எத்தனை பெட்டி ஆப்பிள் போயிற்று, யார் மனைவி யாரோடு பேசவில்லை, எல்லாம். ‘உங்கள் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார்’ என்று மட்டும் கேட்கக் கூடாது. லவெல் அம்மாள் ஏன் அப்படிக் குதிக்கிறாள் என்று நினைக்கிறாய்? அவள் வீட்டு பைபிளிலும் முதல் தாள் இருக்காது, பந்தயம் கட்டுகிறேன்.

எனக்குத் தாத்தாவை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் இறந்தபோது எனக்குப் பதினொன்று, உன் அப்பாவுக்கு ஐந்து. சாப்பிடும்போது தட்டைச் சுற்றி இடது கையை வேலி மாதிரி வைத்துக்கொள்வார். “யாரும் புடுங்க மாட்டோம் தாத்தா” என்பேன். “உனக்குத் தெரியாது, குட்டி” என்பார். ஆற்றோரத்து மேல் வரிசை ஆப்பிள் மரங்களை ஒட்டுக் கட்டி வளர்த்தவர் அவர்தான். பூக்கும் காலத்தில் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு மரத்துக்கும் வணக்கம் சொல்ல வைப்பார். உன் அப்பா பின்னால் அழுதுகொண்டே ஓடி வருவான், அவனையும் தூக்கச் சொல்லி.

ஒரு நாள் அந்த மரத்தடியில், “எப்படி இங்க வந்தீங்க?” என்று கேட்டேன். “அரசாங்கச் செலவுல” என்று சிரித்தார். அவ்வளவுதான். மேலே சொல்லவே இல்லை.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எனக்கு அந்த வீடு போயிற்று. உன் பெற்றோரின் நிச்சய விருந்தில் உன் அம்மாவின் அப்பா, “ரெண்டு சுத்தமான குடும்பம் சேருது” என்று கோப்பையைத் தூக்கினார். நான் சிரித்துவிட்டேன். “எங்க தாத்தா அரசாங்கச் செலவுல வந்தவரு” என்றேன். தூக்கிய கோப்பையை அவர் குடிக்காமலே கீழே வைத்தார். கல்யாணம் நிற்க இருந்தது. உன் அம்மா பிடிவாதமாக நின்றதால் நடந்தது. லைல் என் பெட்டியை வாசலில் கொண்டு வைத்தான். இருபது வருடமாயிற்று. நான் சொன்னது உண்மைதான். ஆனால் அவனுடைய வாழ்க்கை மேசைமேல் கிடக்கும்போது நான் சிரித்தேன் பார், அதுதான் தப்பு.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது? தாத்தா என்ன செய்தார்? ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முத்தங்களுடன்,
ஹெஸ்டர் அத்தை


ஹுவான்
19 ஜூன், இரவு

அன்புள்ள அத்தைக்கு,

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா இன்று என் பள்ளிப் பையைக் கொட்டிப் பார்த்தார். புத்தகங்களை மறுபடியும் அடுக்கி வைத்துவிட்டுப் போனார். அடித்திருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது. காகிதம் காலுறைக்குள் இருக்கிறது. நடந்தால் சத்தம் வருகிறது.

அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். ஏபல் பெட்டிஃபர். வயது பதினேழு. உழவுக் கூலி. எழுதப் படிக்கத் தெரியாது. உயரம் ஐந்தடி இரண்டங்குலம். என்னைவிடக் குள்ளம், அத்தை! சொந்த ஊர் இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்து ஹோல்ட்விக். கப்பல் ‘லேடி ஆர்டன்’. குற்றம்: இரண்டு வாத்துகளும் ஓர் இரும்புச் சட்டியும் திருடியது. தண்டனை ஏழு வருடம். அதற்குக் கீழே, இந்தத் தீவில் வாங்கிய தண்டனைகள்: எஜமானனை எதிர்த்துப் பேசியதற்குப் பத்து நாள் தனிச் சிறை. வேலை நேரத்தில் பாடியதற்கு மூன்று நாள்.

தோராவிடம் மட்டும் காட்டினேன். “சட்டியையும் எடுத்தாரா?” என்று கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “வாத்தைப் பச்சையாவா திம்பாங்க?” என்றேன் நான். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வகுப்புப் பையன்களுக்குப் பதினேழு வயதாக இன்னும் மூன்று வருடம்தான் இருக்கிறது.

கட்டுரையில் ‘சுதந்திரக் குடியேறி’ என்ற வார்த்தைக்கு டீச்சர் அழகாக அடிக்கோடு போட்டிருக்கிறார். அதை எல்லார் முன்னாலும் நான் வாசிக்க வேண்டும். உண்மையை வாசித்துவிட்டால் என் பெட்டியும் வாசலுக்கு வருமா?

ஈனிட்


லான்செஸ்டன்
23 ஜூன் 1951

என் கண்ணு ஈனிட்,

வாத்து! கிறிஸ்துமஸ் அன்று வாத்து வறுவல் மேசைக்கு வந்ததும் தாத்தா எழுந்து வெளியே போய்விடுவார். “வயசானவரு, ஒத்துக்காது” என்று எங்கள் அம்மா சொல்லுவாள். ஒவ்வொரு வருடமும் அவர் பங்கையும் நானும் லைலும் சண்டை போட்டுத் தின்றோம். நேற்று முழுக்க ஊசியில் நூல் கோக்க முடியவில்லை எனக்கு.

பாடியதற்கு மூன்று நாள் என்கிறாயே. நாங்கள் அவர் பாடிக் கேட்டதே இல்லை.

நான் சொல்வதைக் கேள். மண்டபத்தில் உண்மையை வாசிக்காதே. வீட்டை இழப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். முதல் வருடம் கோபம் துணைக்கு இருக்கும். அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. டீச்சர் எழுதியதை அப்படியே வாசித்துவிட்டு உட்கார். காகிதத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை எனக்கு அனுப்பிவிடு. இங்கே எந்த அடுப்பும் அதைத் தொடாது. நீ பெரியவளானதும் வந்து வாங்கிக்கொள்.

உன் அப்பா கெட்டவனில்லை. பயந்தவன். அவனைத் தோளில் தூக்க அன்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உன்,
ஹெஸ்டர் அத்தை


ஹுவான்
30 ஜூன், சனி இரவு

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டும் என்றுதான் போனேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. வெளியே குளிர்கால உறைபனி இருந்தும் உள்ளே எல்லாருக்கும் வியர்த்தது. அப்பா முன்வரிசையில், தேவாலயத்துக்குப் போடும் கோட்டில். நான் வாசித்துக்கொண்டே போனேன். அடிக்கோட்டு வரி வந்தது. அதன்மேல் விரலை வைத்து நின்றுவிட்டேன். டீச்சர் மெதுவாக, “சுதந்திர...” என்று எடுத்துக் கொடுத்தார். நான் சொன்னேன்: “ஏபல் பெட்டிஃபர் 1850-இல் ‘லேடி ஆர்டன்’ கப்பலில் வந்தார். அப்போது அவருக்குப் பதினேழு வயது.” பிறகு மரங்களைப் பற்றிய பத்தியை வாசித்து முடித்தேன்.

கைதி என்று நான் சொல்லவில்லை, அத்தை. கப்பலின் பெயரை மட்டும்தான் சொன்னேன். ஆனால் அது எந்த மாதிரிக் கப்பல் என்று தெரியாதவர் ஒருவர்கூட அங்கே இல்லை. எல்லாரும் தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை.

தேநீர் நேரத்தில் லவெல் அம்மாள் அம்மாவிடம் வந்தார். “பொண்ணுக்கு நல்ல குரல் டோரிஸ். கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு.”

“கேக்கட்டும்னுதான் படிச்சா” என்றார் அம்மா. “உங்க வீட்டுக் கப்பலையும் எழுதிக் குடுங்க, அடுத்த தடவை சேத்துப் படிக்கச் சொல்றேன்.”

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. லவெல் அம்மாள் கேக்கைத் தட்டோடு விட்டுவிட்டுப் போய்விட்டார்.

திரும்பும்போது வண்டியை அப்பாதான் ஓட்டினார். வீட்டுக் கேட் வந்ததும் நிறுத்திவிட்டு இறங்கவே இல்லை. நானே இறங்கித் திறந்தேன். சாப்பிடவும் வரவில்லை. இருட்டில் மேல் வரிசைப் பக்கம் நடந்து போனார். “அவரை விடு, நீ போய்ப் படு” என்றார் அம்மா. அடுப்பு இன்னும் எரிகிறது. விறகு வெடிக்கும் சத்தம் மேலே வரை கேட்கிறது.

பிரதி எடுத்துவிட்டேன். மூலத்தை இந்தக் கடிதத்தோடு உறையில் வைத்திருக்கிறேன். விடிந்ததும் தோராவிடம் கொடுத்துவிடுவேன். என் பெட்டியை வாசலில் வைத்தால் நான் லான்செஸ்டனுக்கு வரலாமா? தையல் எனக்குச் சுமாராகத்தான் வரும், ஆனால் பட்டன்

கதவு தட்டும் சத்தம்.

அப்பா. உள்ளே வரவில்லை. வெளியே நின்றுகொண்டு பேசுகிறார். “ஈனிட், நீ முழிச்சிருக்கன்னு தெரியும். அந்தக் காகிதம் ஆத்துல இல்லன்னும் தெரியும்.” பிறகு, “அதுல அவரு எந்த ஊருன்னு போட்டிருக்கா?”

எரிக்க வந்தவர் ஊரைக் கேட்பாரா, அத்தை? குரல் என்னமோ மாதிரி இருக்கிறது. உறையை இன்னும் ஒட்டவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறேன்.