அப்பாசாமி சொல்லாத ஓய்வு

காஜா பேராங், மலாக்கா
9.10.1957

அன்புள்ள அத்தானுக்கு,

அஞ்சலை எழுதுவது. இங்கே மாமாவும் நானும் சுகம். உங்கள் குதிகாலைத் தவிர வேறு நினைப்பில்லை.

கோலாலம்பூர் ஓட்டப் பயிற்சி முகாமிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் நேற்று முன்தினம் வந்தது. காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறீர்களாமே! ஆஸ்பத்திரி டிரெஸர் அப்பாசாமியை நம்பிக் கெட்டேன் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். பாவம், அவரைத் திட்டாதீர்கள். திட்ட வேண்டியது என்னை.

ஆகஸ்டில் நம் வாசல்படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்குவீர்களே, பதினைந்து பதினைந்தாக மூன்று தடவை, காலையும் மாலையும். மூன்றாம் வாரம் வலி கூடியதும், நிறுத்தலாமா என்று கேட்டுவர என்னைத்தான் செமாபோக்குக்கு அப்பாசாமியிடம் அனுப்பினீர்கள். தாங்கக்கூடிய வலி என்றால் பயமில்லை, பன்னிரண்டு வாரம் விடாமல் செய்யணும் என்றுதான் அவர் சொன்னார். நான் வந்து, முழு ஓய்வு எடுக்கச் சொன்னார் என்றேன். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை அத்தான்.

அதுவும் பாதி உண்மைதான். கால் சரியானால் என்னை விட்டுப் போய்விடுவீர்கள் என்று பயந்தேன். சரியாகாமலே போய்விட்டீர்கள்.

நேற்று பஸ் ஏறிப் போய் அவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். படித்த பெண்தானே நீ என்று வாய்க்கு வந்தபடி ஏசினார். பிறகு தண்ணீர் கொடுத்தார். குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் அந்த நார் சும்மா கிடந்தால் தேறாதாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்துத்தான் தேற்றணுமாம். மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குங்கள். முட்டியை நேராக வைத்து ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை.

இன்னொன்றும் சொன்னார். எழுதக் கை வரவில்லை. நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் நவம்பர் தேர்வு ஓட்டத்தை விட்டுவிடச் சொல்கிறார். இந்தக் காலோடு மூன்று மைல் ஓடினால் நார் அறுந்தே போகலாமாம். சுதந்திரம் வந்த மெர்டேக்கா அன்று பாடாங் திடலில் நின்று, நம் நாட்டுச் சட்டை போட்டு ஓடப்போகிறேன் என்று எத்தனை பேரிடம் சொன்னீர்கள்! நான் நிறுத்தாமல் இருந்திருந்தால் இந்தத் தீபாவளிக்குப் பன்னிரண்டு வாரமும் முடிந்திருக்கும். படுபாவி நான்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். ஓடாதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். அப்பாசாமி சொன்னதை இந்த முறை அவர் கையாலேயே எழுதி வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். என் பேச்சை நம்ப வேண்டாம், அதை நம்புங்கள்.

தங்கள்
அஞ்சலை