கொக்கு மார்க்கைச் சுரண்டிய பிறகு

ஏப்ரல் 9, வியாழன்

ஏழு மணிக்கே வெயில். தண்ணீர் வரவில்லை. குளிக்காமலே வேலைக்கு.

சோடா கம்பெனிச் சுவரில் இருந்த கொக்குப் படத்தைச் சுரண்டிவிட்டார்கள். கால் மட்டும் பாக்கி. பழைய முதலாளி பெரியவர் கம்பெனியை விற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. புது முதலாளி தினேஷ், சூரமங்கலத்துக்காரர், முப்பது வயதிருக்கும். இனி ‘கொக்கு மார்க் சோடா’ கிடையாதாம். ‘சுர்’. அவ்வளவுதான் பெயர்.

பழைய பாட்டில்களில் கண்ணாடியிலேயே கொக்கு அச்சு. எல்லாவற்றையும் உடைக்கச் சொன்னார். சாக்கில் போட்டுக் கட்டி, இரும்புக் குழாயால் அடித்தோம், பெண்கள் ஏழு பேர். முதல் சாக்குக்குத்தான் தயக்கம். அப்புறம் எல்லோருக்கும் ஒரு வெறி. பாட்டில் கழுவும் சரசு அக்கா ஒவ்வொரு அடிக்கும் தன் மாமியார் பெயரைச் சொன்னாள். சிரித்தோம். நானும் ஒரு பெயரைச் சொல்லித்தான் அடித்தேன். யாரென்று எழுத மாட்டேன்.

கை முழுக்கக் கீறல். நாளைக்கு: தே. எண்ணெய், பாப்பாவுக்கு நோட்டு அட்டை, சிலிண்டர் பதிவு.

ஏப்ரல் 10, வெள்ளி

புது பாட்டில் வந்தது. ஒல்லி. தட்டினால் சத்தமே வேறு. சோடாவில் ஏற்றும் கேஸைக் கூட்டச் சொன்னார் தினேஷ். சோடா நிரப்பும் மெஷின் பதினாறு வருஷமாக என் பொறுப்பு.

“இந்தப் பாட்டில் அவ்வளவு தாங்காதுங்க சார்.”

“பேரே சுர்ரும்மா. குடிச்சா மூக்குல ஏறணும். கூட்டு.”

கூட்டினேன். மதியத்துக்குள் மூன்று வெடித்தன. மெஷினைச் சுற்றிக் கம்பி வலை இருந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை. வலைக்கண்ணில் சில்லுகள் குத்திக்கொண்டு நின்றன.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். கம்பெனி வண்டி ஓட்டுபவர். சட்டை கிழிந்து, காது பிய்ந்து. ராசிபுரத்தில் ஒரு கடைக்காரர், “கொக்கு எங்கடா? இந்தக் கருமத்த எவன் குடிப்பான்?” என்றாராம். இவர் வாய் சும்மா இருக்காது. அந்த ஆள் பாட்டிலால் அடித்திருக்கிறார். இவர் அவரை ஷட்டரோடு சாய்த்து முகத்தில் குத்தியிருக்கிறார். அவருக்கு ஒரு பல் போச்சு. இவருக்குக் காதில் நான்கு தையல்.

“யாரு பேருக்குங்க இந்தச் சண்டை?” என்று கேட்டேன்.

“தெரீல கலா. எனக்கே அந்தப் பேரு புடிக்கல.”

இட்லி மட்டும். சிலிண்டர் பதிய மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

விளம்பரப் படம் எடுக்க ஆட்கள். பாட்டிலை வலை மறைக்கிறதாம். கழற்றச் சொன்னார் தினேஷ்.

“கழட்டீட்டு மெஷின ஓட்டக் கூடாதுங்க.”

“பத்து நிமிஷம்மா. முடியாதுன்னா சொல்லு, வேற ஆளப் போட்டுக்கறேன்.”

ஸ்பானர் எடுத்தேன். நான்கு போல்ட். நானே கழற்றினேன். சரசு அக்கா அப்போது தொட்டிப் பக்கம். கழுவிய பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

ஆறாவது பாட்டில்.

அக்கா கத்தவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். விரலிடுக்கில் ரத்தம், ரத்தத்தோடு சோடா நுரை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

சேலத்துக்கு ஆம்புலன்ஸ். இடது கண் போய்விட்டது.

ஏப்ரல் 15, புதன்

நேற்று வருஷப் பிறப்பு. சமைக்கவில்லை. பாப்பா பக்கத்து வீட்டில் சாப்பிட்டாள்.

இன்று தினேஷ் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள். வலையைச் சரசு அக்காவே நகர்த்தினாள் என்று எழுதியிருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

“கழட்டுனது நீதானம்மா. வெளிய தெரிஞ்சா மொதல்ல உன்னத்தான் புடிப்பாங்க.”

உண்மை. அதுதான் பொறுக்கவில்லை. வெளியே வந்தேன். சுவரோரம் கிடந்த குழாயை எடுத்தேன். புது பாட்டில் அடுக்கின் மேல் இறக்கினேன். ஒரு வரிசை, இரண்டு வரிசை. தினேஷ் ஓடிவந்து குழாயைப் பிடித்தார். உதறி அவர் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்தது கேட்டது. அடுத்து தலைக்கு ஓங்கினேன். பெண்கள் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். விட்டிருந்தால் அடித்திருப்பேன்.

நாளை போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். வீட்டுக்காரர் துணி மடித்துக்கொண்டிருக்கிறார், என்றுமில்லாமல்.

ஏப்ரல் 16, வியாழன்

ஸ்டேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரி. சரசு அக்காவுக்குப் பாதி முகம் கட்டு.

“வலைய யாரு கழட்டுனது?” என்றாள், நான் உட்காரும் முன்பே.

“நாந்தானுங்கக்கா.”

கிட்டே வரச் சொன்னாள். குனிந்தேன். அறைந்தாள். மறுபடியும். கையில் குத்தியிருந்த ஊசி பிடுங்கிக்கொண்டு என் கன்னமெல்லாம் அவள் ரத்தம். நர்ஸ் ஓடிவந்தாள்.

“இன்னும் அடிக்கோணும். கை வலிக்குது” என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. பிறகு, “டேசன்ல இதயே சொல்லு. அவஞ் சொல்லித்தான் கழட்டுனேன்னு அதையுஞ் சேத்திச் சொல்லு. ஒண்ண உட்டுப்போட்டு ஒண்ணச் சொல்லாத.”

சொன்னேன். இரண்டையும். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் நிமிராமல் கேட்டார், “கைய ஒடச்சது?”

“அதும் நாந்தானுங்க.”