படிக்காமல் வைத்த முப்பது பக்கங்கள்

காஜா பெராங், மலாக்கா
14-9-1958

அன்பு மகள் கமலவேணிக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் சின்ன ஆளும் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். உறையின் மேல் இருக்கிற கோணல் எழுத்தைப் பார்த்து யாரென்று திகைத்திருப்பாய். ருக்மணி டீச்சர் எழுதியது இல்லை, அப்பா எழுதியதும் இல்லை. நான்தான், என் சொந்தக் கையால், பதினொரு நாளாக அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்து ஒளித்து வைத்து எழுதுகிறேன். நல்ல மர்மக் கதை என்றால் முதல் பக்கத்திலேயே பிணம் விழ வேண்டும் என்று நீயும் நானும் எத்தனை முறை பேசியிருக்கிறோம். ஐயோ, பிள்ளைத்தாய்ச்சிக்கு எழுதும் கடிதத்தில் அந்த வார்த்தையை எழுதிவிட்டேனே, பேனாவில் எழுதியது அழியாது, நீ அதை மட்டும் படிக்காமல் தாண்டிவிடு. நானும் முக்கியமானதை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் உன்னிடம் வருகிறேன். நீ மூன்று கடிதத்தில் என்னைக் கூப்பிட்டாய் என்பதே போன மாதக் கடைசி வரை எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு வர மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம் அப்பா என்று மூன்றாவது கடிதத்தில் எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். எனக்கா மனமில்லை?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீ கல்யாணமாகிக் கோலக்கிராய்க்குப் போகும்போது நம் குடைப் புத்தகத்தில் முப்பது பக்கம் மிச்சம் இருந்தது. அட்டையில் சிவப்புக் குடை போட்ட அந்தப் புத்தகத்தை, தலைப் பிரசவத்துக்கு வரும்போது நானே படித்துக் காட்டுகிறேன், அதுவரை யாரும் தொடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாய். நான் தொடவில்லை. ஆனால் சாயங்காலம் நெத்திலிக்குத் தலை கிள்ள உட்கார்ந்தால் காது சும்மா இருக்குமா? மூன்றாம் நாளே தாங்க முடியாமல், சங்கத்து நூலகத்திலிருந்து வேறு துப்பறியும் கதைகளை எடுத்துவரச் சொல்லி ஒவ்வொருவரிடமாகக் கேட்டுப் பார்த்தேன். ருக்மணி டீச்சர் உச்சரிப்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது என்று கேட்கிறார். கழுத்தில் கத்தி வைத்திருக்கும் இடத்தில் என்ன தெரியும், பயம்தான் தெரியும். முடிதிருத்தும் அப்பாசாமி அண்ணனுக்கு நாடகத்தில் வேஷம் கட்டிய பழக்கம், ஆளுக்கு ஒரு குரல் வைத்து அமர்க்களமாகப் படிக்கிறார், ஆனால் கொலைகாரன் வாயைத் திறந்த உடனேயே கரகரவென்று வில்லன் குரலைப் போட்டுவிடுகிறார். பத்தாவது பக்கத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் மீதி இருநூறு பக்கத்தை நான் எதற்குக் கேட்க வேண்டும்? உன்னைப் போல் யாரும் இல்லை கண்ணு. பயமான இடம் வந்தால் எல்லோரும் குரலை உயர்த்துகிறார்கள், நீ மட்டும்தான் தாழ்த்துவாய், நான் நெத்திலியை அப்படியே விட்டுவிட்டு உன் பக்கம் சாய்ந்து கேட்பேன்.

கடைசியில் அகப்பட்டவர் உன் அப்பா. ரப்பர் அடுக்கும் கித்தாக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருபது வருஷம் சரக்குப் பட்டியல் படித்த வாய் அல்லவா, ஆற்றங்கரையில் சடலம் கிடந்தது என்பதையும் முதல் தர ஷீட் நாற்பது மூட்டை என்பதையும் ஒரே மாதிரிதான் படிக்கிறார். அதுகூடப் பழகிவிட்டது. ஆனால் நடுநடுவே திடீரென்று அவருடைய குரல் இனிமையாகி, ஏற்ற இறக்கமெல்லாம் வந்து, அட இது நம்ம ஆள்தானா என்று நினைக்கும்படி ஒரு நாலு வரி சொல்வார், பிறகு மறுபடியும் சரக்குப் பட்டியல். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, அதுல காதலும் கண்றாவியுமா இருக்கு அஞ்சலை, நான் சுருக்கிச் சொல்லிட்டேன் என்றார். அப்போதுதான் எனக்கு ஆளின் ரகசியம் பிடிபட்டது. தாளில் இருப்பதைப் படித்தால் தட்டையாக வரும், தானே கட்டிச் சொன்னால் அழகாக வரும். இதை நான் அன்று மனதில் குறித்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இவர்களை நம்பிப் பயன் இல்லை என்றுதான் நானே படிப்பது என்று முடிவு செய்தேன். தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரை போனவள்தானே, எழுத்துகள் தூரத்துச் சொந்தம் மாதிரி, முகம் தெரியும், பெயர் வராது. குடைப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை நீ எனக்கு ஐந்து முறையாவது படித்துக் காட்டியிருப்பாய், எனக்கு அது வரிக்கு வரி பாடம். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மழை விட்டிருந்தது என்று உன் குரலில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே விரலை நகர்த்துவேன். ழ எங்கே வந்தது, ட் எங்கே வந்தது என்று அப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். அப்பா வேலைக்குப் போனதும் உட்கார்ந்தால் உலை கொதித்து வழிந்த பிறகுதான் எழுந்திருப்பேன். முடியாமல் போனால் சிரிப்பார்களே என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. என் நடை கொஞ்சம் போலீஸ் ரிப்போர்ட் மாதிரி இருந்தால் நீ பொறுத்துக்கொள்ள வேண்டும், எழுதுவதையும் அந்த ஒரு புத்தகத்தைப் பார்த்துத்தான் கற்றேன்.

இனி குற்றத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் வந்த உன் கடிதத்தை அப்பா வழக்கம்போல் படித்துக் காட்டினார். இங்கு அனைவரும் நலம், மாப்பிள்ளைக்கு ரயில் ஸ்டேஷனில் வேலை அதிகம் என்பதெல்லாம் தட்டையாக வந்தது. பிறகு பார், அம்மா உன் சாம்பாரை நினைத்தாலே நாக்கு ஊறுகிறது, நேரம் வரும்போது நானே வருகிறேன், நீ கவலைப்படாதே என்று தேன் சொட்டச் சொட்டச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. சுதந்திரம் வந்து ஒரு வருஷமான மெர்டேக்கா விழா அன்று ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்கு ஊர்வலம் பார்க்கக் கிளம்பியது, அப்பாவும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார், நான் முழங்கால் வலி என்று வீட்டில் தங்கிவிட்டேன். அவர் தலை மறைந்ததும் பிஸ்கட் டின்னைத் திறந்து உன் கடிதம் மூன்றையும் எடுத்தேன். காலை முழுக்கப் படித்தேன் வேணி. டாக்டர் உன்னை ரயிலில் போகவே கூடாது என்று சொன்னது, ஏழாம் மாதத்தில் அம்மாவை அனுப்பி வையுங்கள் என்று நீ கேட்டது, பதில் வராமல் திரும்பக் கேட்டது, எல்லாம் அதில் இருந்தது. சாம்பார் மட்டும் எங்கேயும் இல்லை.

அப்பா கையில் ஒரு காகிதக் கொடியோடு சந்தோஷமாகத் திரும்பி வந்தார். நான் கடிதத்தை விரித்து, அம்மாவுக்கு வர மனமில்லை என்றால் என்ற வரியைச் சத்தமாகப் படித்தேன். துப்பறியும் கதையில் குற்றவாளி துப்பாக்கியை எடுப்பான், இவர் கொடியை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உனக்கு எப்போ படிக்கத் தெரிஞ்சது என்று கேட்டார். அந்தப் பக்கத்து ரயில் பாதையில் காட்டுக் கம்யூனிஸ்டுகள் பயம் இன்னும் தீரவில்லை, அதுதான் என்று முதலில் ஏதோ சொன்னார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் நிஜம் வந்தது, அதுவும் சரக்குப் பட்டியல் குரலில். பிள்ளை போய்ட்டா, நீயும் போய்ட்டா நான் இந்த வீட்ல யார் முகத்தைப் பாக்கிறது அஞ்சலை, இன்னிக்குச் சொல்றேன் நாளைக்குச் சொல்றேன்னு தள்ளிட்டேன் என்றார். குரல் தட்டையாக இருந்ததால் அது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கோபம் இருந்தது, இரண்டு நாள் குழம்பில் உப்பே போடவில்லை, அவரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். அதற்குமேல் என்னாலும் முடியவில்லை. இப்போது கஞ்சியும் முட்டைப் பொரியலும் தானே செய்துகொள்ளப் பழகிவிட்டார், பொரியலில் ஓடு கடிபடுகிறது, பரவாயில்லை.

இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை கிளம்புகிறேன். தம்பின் வரை பஸ், அங்கிருந்து ரயில், கிம்மாஸ் வரை அப்பாவே கூட வந்து வண்டி மாற்றி ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், தண்டனை என்று வைத்துக்கொள். மாப்பிள்ளையை ஸ்டேஷனில் நிற்கச் சொல். வளைகாப்புக்கு வளையலும் எண்ணெயும் பூண்டும் கட்டிவிட்டேன், தலை கிள்ளிய நெத்திலி ஒரு டின் வருகிறது. அப்பாவுக்குக் கோபமாக ஒன்றும் எழுதாதே, பாவம், எழுதினால் இனி நான்தான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும், நானும் நாலு வரியைத் தாண்டிவிடுவேன். எனக்கு எழுதும்போது எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு. வெறும் வயிற்றோடு இருக்காதே, தண்ணீர்க் குடம் தூக்காதே. அம்மன் உன்னையும் பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள்.

குடைப் புத்தகம் என் பையில் வருகிறது. முப்பது பக்கத்தையும் நான் இப்போது படித்துவிடலாம், ஆனால் திறக்கவில்லை, சத்தியம் சத்தியம்தான். நீ காலை நீட்டிப் படுத்துக்கொள், இந்த முறை நான் படிக்கிறேன், நீ கேள். பயமான இடத்தில் உன்னைப் போலவே குரலைத் தாழ்த்துவேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்பதால் கொலைகாரன் பெயர் முழுசாக வெளியே வர நேரமாகும், பாதியில் என் கையிலிருந்து பிடுங்கக் கூடாது.

தன் கையாலேயே எழுதி முடித்த
உன் அம்மா
அஞ்சலை ஏகாம்பரம்